மூப்பரின் கப்பலும் என் மகளின் கொலுசும்

ஜெபத்தின் நடுவில் ஒரு தாய் கண்ணைத் திறக்கலாமா, கூடாதா?

மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியில் தங்கிப் படித்தவள் நான். வேதபாடத்தில் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். ஒரு போதகருக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டு பெண் குழந்தைகளுக்கும் தாயாகிவிட்டேன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. கேட்டவர்களெல்லாம் ஆளுக்கொன்று சொல்லி, குழப்பத்தோடு கோபத்தையும் சேர்த்துக் கொடுத்ததுதான் மிச்சம். நடந்ததைச் சொல்கிறேன்; கோபப்பட எனக்கு உரிமை உண்டா இல்லையா என்று நீங்களே பாருங்கள்.

மூத்தவள் கிருபை தவழ ஆரம்பித்த சமயத்தில், என் கணவரைச் சிங்காநல்லூருக்கு அப்பால் ஒரு சிறு சபைக்கு அனுப்பினார்கள். ஒரு காலத்தில் வாசல்வரை ஜனம் நின்ற ஆலயமாம். நாங்கள் போனபோது பின்பக்கத்துப் பாய்களை விரிப்பதையே விட்டிருந்தார்கள். இளவட்டங்களில் பாதிப் பேர் மில்லுக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டார்கள். மீதிப் பேர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. இப்படியே போனால் இந்தச் சபைக்குத் தனியாக ஒரு போதகர் எதற்கு, டவுன் சபையோடு சேர்த்துவிடலாம் என்று மிஷன் பங்களாவில் பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஷன் தலைவரான வெள்ளைக்காரத் துரை தாமே வந்து பார்த்து முடிவு சொல்வதாகத் தகவல் வந்தது.

சேர்த்துவிட்டால் என் கணவருக்கு எங்கே இடம், கைக்குழந்தையோடு நாங்கள் எங்கே போவது என்று அவரிடம் கேட்டேன். அவரோ, "எழுப்புதல் ஜெபத்துலதான் ஆரம்பிக்கும் அம்மணி, பயப்படாதே" என்றார். ரொம்ப நல்லவர். ஆனால் அந்தச் சபையில் ஜெபம் அவர் கையில் இல்லை. சபைப் பெரியவரான மூப்பர் கையில் இருந்தது.

மூப்பர் பெரிய மனிதர். ஆலயத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம். பிரசங்கத்துக்கு முன் நடக்கும் நீண்ட ஜெபம் அவருடையது. அது இங்கிலாந்துச் சீமையில் தொடங்கும். முதலில் சக்கரவர்த்தி, பிறகு அவர் குடும்பம், பிறகு அங்குள்ள மிஷன் சங்கத்தார். அதன்பின் ஜெபம் கப்பலேறி, மால்டா, சூயஸ் கால்வாய், ஏடன் என்று ஒவ்வொரு துறையிலும் நின்று, அங்கங்கே உள்ள ஆத்துமாக்களை விசாரித்துக்கொண்டு பம்பாயில் இறங்கும். பிறகு ரயில். போத்தனூர் ஜங்ஷன் வந்துவிட்டால் முடிவு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். கடைசியில் எங்கள் ஆலயத்துக் கிணறு வரும். பக்கவாசலை அடுத்த அந்தக் கிணற்றின் சுற்றுச்சுவர் இடிந்து கிடந்தது. அதைக் கட்டித் தரும்படி மூப்பர் வாராவாரம் ஆண்டவரைக் கேட்பார். (ஆண்டவர் கல்லும் மண்ணும் சுமந்து வரவேண்டும் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ, சபையில் ஒருவரும் ஒரு கூடை மண் எடுக்கவில்லை.)

இவ்வளவு நேரமும் கண்ணை மூடியிருக்க வேண்டும். "உங்களைப் பாத்துத்தானுங்க மத்த பொம்பளைங்க நடப்பாங்க" என்று வந்த முதல் வாரமே மூப்பர் எனக்குச் சொல்லிவிட்டார். நானும் இமை துடிக்காமல் மூடி வந்தேன். அசடு! அசடு!

துரை வருகிற ஞாயிறுக்காக நானும் என் கணவரும் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினோம். அன்று ஆலயம் நிறைந்தது. பின்பக்கத்துப் பாய்களைக்கூட விரித்தோம். துரை மோட்டாரை விட்டு இறங்கி, பிரசங்க மேடைக்கருகில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்துத் தலையசைத்தார். இனிப் பயமில்லை என்று எனக்கு நிம்மதியாயிருந்தது.

மூப்பர் எழுந்தார். எல்லோரும் கண்ணை மூடினோம். கப்பல் கிளம்பியது.

துரை வந்திருந்த நாளல்லவா? மூப்பர் சீமையிலேயே வெகுநேரம் தங்கிவிட்டார். என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த கிருபை விழித்து, மெள்ள நழுவித் தரையில் இறங்கினாள். கை நீட்டித் துழாவினேன், அகப்படவில்லை. ஆனால் அவள் காலில் கொலுசு போட்டுவிட்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டே அந்தச் சத்தத்தைப் பின்தொடர்ந்தேன். சல், சல் என்று பாயோரமாகப் போனது. நடைபாதைக்குப் போனது. பக்கவாசல் பக்கமாகத் திரும்பினாற்போல் இருந்தது.

சத்தம் நின்றுவிட்டது.

இடிந்த சுவர் என் மூடிய கண்ணுக்குள் வந்து நின்றது. மூப்பரோ அப்போதுதான் சூயஸில் நுழைந்துகொண்டிருந்தார். கண்ணைத் திறந்தால் பாவமா? திறக்காவிட்டால் அது அதைவிடப் பெரிய பாவமில்லையா? ஒரு கண்ணை மட்டும் திறந்தால் பாதிப் பாவமா? (சிரிக்காதீர்கள். உங்கள் பிள்ளை அந்தக் கிணற்றுப் பக்கம் போயிருந்தால் தெரியும்.)

இரண்டு கண்ணையும் திறந்தேன்.

ஆலயம் காலியாக இருந்தது.

பாய்களெல்லாம் விரித்தபடியே கிடந்தன. அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தவர்களைக் காணோம். என் கணவர் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். மூப்பர் கண்ணை மூடியபடியே, "இந்தத் திரளான கூட்டத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம்!" என்றார். கடைசியாக வெளியேறிக்கொண்டிருந்த சாராள் என்ற பெண், நுனிக்காலில் நின்று, முந்தானையை இடுப்பில் செருகியவள், என்னைப் பார்த்துச் சிரித்து, 'இதோ வந்துவிடுகிறேன்' என்பதுபோல் கைகாட்டிவிட்டுப் போனாள்.

பக்கவாசலில் குழந்தை இல்லை. உயிரே போய்விட்டது. திரும்பிப் பார்த்தால், துரையின் காலடியில் உட்கார்ந்து அவருடைய கடிகாரச் சங்கிலியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். துரை அவளைப் பார்த்துக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தார். ஆம், திறந்த கண்ணால்தான்! என்னைக் கண்டதும் சட்டென்று மூடிக்கொண்டார்.

சங்கிலியோடு கடிகாரத்தையும் விழுங்கிவிடுவாளோ என்று பயந்து, ஓடிப்போய் வாயிலிருந்து பிடுங்கினேன். அதுதான் வினை. அவள் போட்ட அலறலில் ஆலயத்து ஓடே அதிர்ந்தது. அப்போதுதான் ஏடனில் கால்வைத்திருந்த மூப்பர், திடுக்கிட்டு "ஆமென்" என்று முடித்துக் கண்ணைத் திறந்தார்.

அவர் பார்த்தது காலிப் பாய்களையும், நடுவில் ஓலமிடும் பிள்ளையோடு நிற்கும் என்னையும்தான்.

அந்த அலறலைக் கேட்டோ என்னவோ, தாவீது என்பவர் ஈரக்காலோடு உள்ளே நுழைந்தார். நேரே தம் இடத்துக்குப் போய், கண்ணை இறுக்கி மூடி, கணீரென்று "ஆமென்!" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு கையில் மஞ்சள் வாசனையோடு சாராள். ஒவ்வொருவராக வந்து, பக்தியாக ஒவ்வொரு ஆமென் போட்டார்கள்.

இது எத்தனையோ வருஷத்து ஏற்பாடாம்! கப்பல் கிளம்பியதும் போய்விடுவது, போத்தனூருக்குள் திரும்பிவிடுவது. பிறகு சாராளே எனக்கு விளக்கினாள்: "ஏனுங்கம்மா, கவுண்டரு தோட்டத்துல தண்ணி கட்டோணும், ஊட்டுல ஒலை கொதிக்குது, என்ன பண்றது? பம்பாய் வாரக்குள்ள ஒரு நடை போயிட்டு வந்துருவோமுங்க. இன்னைக்குத்தான் உங்க பாப்பா ஏடன்லயே எறக்கி உட்டுப்போட்டா!"

ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் சபைக் கமிட்டி கூடியது. துரையும் இருந்தார்.

"ஜெபத்துல ஐயரம்மாவே எந்திரிச்சு நடந்தா, சனம் எப்புடிங்க உக்காந்திருக்கும்?" என்றார் மூப்பர். (போதகரின் மனைவியை எங்கள் பக்கம் ஐயரம்மா என்பார்கள்.)

"அவங்க எனக்கு முன்னாலயே போயிட்டாங்க" என்றேன்.

"அதெப்படீங்க அம்மணி உங்களுக்குத் தெரியும்? கண்ண மூடித்தானே இருந்தீங்க?"

போய்வந்தவர்கள் யாராவது வாயைத் திறக்கக் கூடாதா? தாவீது தலையைச் சொறிந்துகொண்டு, "ஐயரம்மா எந்திரிச்சாங்க, ஜெபம் முடிஞ்சுபோச்சாக்கும்னு நெனச்சுப்போட்டமுங்க" என்றாரே பார்க்கலாம்! ஈரம் காயாத காலோடு!

"துரையும் பாத்தாருங்க!" என்று கத்தியேவிட்டேன்.

எல்லோரும் துரையைப் பார்த்தார்கள். துரை வானத்தைப் பார்த்தார். "நான் ஜெபத்தில் இருந்தேன்" என்றார், எச்சில் ஊறிய சங்கிலியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே.

தீர்மானம் போட்டார்கள்: இனி ஆலயத்துக்குள் குழந்தைகளுக்குக் கொலுசு கூடாது, ஐயரம்மா முன்பாயை விட்டுப் பின்வாசலோரம் உட்கார வேண்டும். ஜெபத்தைச் சுருக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கிணற்றுச் சுவரைப் பற்றியும் பேச்சில்லை. கொலுசுதான் குற்றவாளி!

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் மெதுவாக, "நீ கண்ணத் தொறந்திருக்க வேண்டாம்; ஆண்டவர் பாத்துக்குவார்" என்றார்.

"பாத்துக்கச் சொல்லித்தானுங்க ஆண்டவர் எனக்குக் கண்ணு குடுத்திருக்கார்" என்றேன். சொன்ன கையோடு, அதிகம் பேசிவிட்டோமோ என்று அழுதேன். (இன்றும் அந்தச் சந்தேகம் உண்டு.)

அன்று சாயங்காலம் மோட்டாரில் ஏறுமுன் துரை அவரிடம் தம் முடிவைச் சொன்னாராம். "மற்றச் சபைகளில் போகிறவர்கள் போய்விடுகிறார்கள், இங்கே போனவர்கள் திரும்பி வருகிறார்கள். உயிர் இருக்கிறது. நீர் இங்கேயே இரும்."

பிழைத்தோம் என்று நான் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் செய்தேன். பாதி ஸ்தோத்திரத்தில்தான் உறைத்தது. கண்ணை மூடி ஜெபத்தில் இருந்த மனிதருக்கு, போனவர்கள் திரும்பி வந்தார்கள் என்பது எப்படித் தெரிந்ததாம்?

பின்வாசலோரம் உட்கார்ந்ததில் ஒரு லாபம். இப்போது போகிறவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். "வாரேனுங்கம்மா" என்று கிசுகிசுத்து, கைப்பிள்ளையை என் மடியில் விட்டுப் போவார்கள். "எதுக்குப் போறீங்க?" என்று கேட்பேன். மாமியாருக்குக் காய்ச்சல், மாட்டுக்குத் தீனி, புருஷன் இரண்டு நாளாக வீடு திரும்பவில்லை என்பார்கள். மூப்பர் மால்டாவில் இருக்கும்போது நான் அந்த மாமியாருக்கும் மாட்டுக்கும் அந்தப் புருஷனுக்கும் ஜெபிப்பேன். மடியில் பிள்ளைகள் இருப்பதால் கண்ணைத் திறந்துகொண்டுதான். அது கணக்கில் சேருமா என்று தெரியவில்லை. ஆனால் வராமலிருந்த இரண்டு மூன்று வீட்டார் வர ஆரம்பித்திருக்கிறார்கள். பின்பக்கத்துப் பாய் இப்போது சுருட்டப்படுவதில்லை. மூப்பர் இதற்குக் காரணம் கொலுசுத் தடைதான் என்கிறார்!

எங்கள் வீட்டில் யார் பேச்சை நீட்டினாலும், "கப்பல் எங்க வந்திருக்கு?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கிருபைக்கு இப்போது நன்றாகப் பேச்சு வந்துவிட்டது. போன வாரம் அவள் அப்பா குடும்ப ஜெபத்தில் சற்று உருகிவிட்டார். நடுவில் இவள் என் முழங்கையைச் சுரண்டி, "ஏம்மா, போத்தனூரு வந்துருச்சா?" என்றாள். அவர் சிரித்து, அங்கேயே ஆமென் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், என் இளையவள் தவழ ஆரம்பித்துவிட்டாள். கொலுசு இல்லை. கிணற்றுச் சுவருக்காக மூப்பர் இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறார். அறுப்பின் பண்டிகைக்குத் துரை வருகிறார். அன்றைக்கு மட்டும் போதகர் மனைவி முன்பாயில் உட்கார்ந்து, நல்லபடியாகக் கண்ணை மூடியிருக்கவேண்டும் என்று கமிட்டி சொல்லியிருக்கிறது.

வாசகர்களே, மூடட்டுமா, திறக்கட்டுமா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எனக்கு ஒரு யோசனை சொல்லுங்கள். சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். போத்தனூரிலிருந்து தொடங்கினால் போதும்.