பந்து தெரியுதுங்களா?

குன்னூர்,
சனிக்கிழமை காலை.

மதிப்பிற்கும் பயத்திற்கும் உரிய மருதாம்பாள் அண்ணி அவர்களுக்கு,

கலைமதி வணங்கி எழுதுவது. இங்கு நானும், உங்கள் தம்பியும், ரேகாவும் நலம். என் இடது முழங்கை மட்டும் நலமில்லை. அங்கு தாங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். தங்கள் ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்ட பிறகு மேற்கொண்டு படிக்கவும். ஃபோனில் சொன்னால் முதல் வரியிலேயே குறுக்கே பேசுவீர்கள், எனக்கு மறந்துவிடும் என்பதால்தான் கடிதம். கேரட் மூட்டையோடு வேன் டிரைவர் கொண்டு வருவார்.

நீங்கள் போட்டுக் கொடுத்த திட்டத்தில் எந்தக் குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேகாவுக்கு நீங்கள் நாலு பேரைப் பார்த்துப் பேசி பி.காம். சீட் வாங்கி வைத்திருக்கிறீர்கள், திங்கட்கிழமை அட்மிஷன், ஹாஸ்டலில் ஜன்னல் ஓரக் கட்டில்கூடச் சொல்லியாயிற்று. இவளோ பிளஸ் டூ முடித்த நாளிலிருந்து பந்து வீசுவதைத் தவிர வேறு பேச்சே பேசுவதில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் எஸ்டேட் மைதானத்தில் விளக்கு போட்டு நடக்கும் ஆட்டத்துக்கு, மாநில அணிக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்கும் செலக்டர் அம்மா ஒருவர் வருகிறார், அவர் கண்ணில் பட்டுவிட்டால் பெண் கையை விட்டுப் போய்விடுவாள் என்று நான் அழுதபோது நீங்கள்தான் வழி சொன்னீர்கள். "அழுவாத. எதிர் டீம்ல நீயே போய் மட்டையோட நில்லு. பெத்தவ மேல எவளாச்சும் வேகமாப் போடுவாளா? மெதுவா உருட்டி விடுவா. வந்தவ பாத்துட்டுக் கொட்டாவி விட்டுட்டுப் போயிருவா." எனக்கும் அது சரியென்றே பட்டது. தாய்ப்பாசத்தை நம்பித்தானே அண்ணி நாம் இரண்டு பேரும் இறங்கினோம்?

ரேகா ஆடுவது அவள் பள்ளித் தோழிகள் அணியில், எதிர் டீம் என்றால் எங்கள் குடியிருப்புப் பெண்கள் அணி. என்னோடு ஆபீஸில் வேலை பார்க்கும் தெய்வம்மாவுக்கு முட்டி வலி, அவள் இடம் காலி. அணியைப் பார்த்துக்கொள்ளும் பாலமுருகனிடம் போய் நான் ஆடுகிறேன் என்றதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "அக்கா, முன்னப் பின்ன ஆடியிருக்கீங்களா?" என்றார். காலேஜில் பாட்டனி படித்தேன் என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் பாவம், ஆள் கிடைக்காத கவலையில், "பந்தை மட்டும் பாருங்கக்கா, மத்ததெல்லாம் தானா வரும்" என்று சொல்லி என் காலில் பேடு கட்டிவிட்டார். இரண்டுமே இடது கால் பேடு என்பது நடக்கும்போதுதான் தெரிந்தது. குளிருக்குப் போட்டிருந்த குரங்குக் குல்லாவின் மேல் ஹெல்மெட் இறங்கவில்லை, குல்லாவைக் கழற்றினால் ஹெல்மெட் மூக்குவரை இறங்கியது. நாலு மூலையிலும் விளக்குக் கம்பம், அதனால் எனக்கு நாலு நிழல். எந்த நிழலை நம்பி எந்தப் பக்கம் திரும்புவது என்றே புரியாமல் நான் கிரீஸில் நின்று, ரேகாவைப் பார்த்து, நீங்கள் சொல்லித் தந்தபடி பரிதாபமாகச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை அண்ணி. இருபது அடி பின்னால் போய் ஓடி வந்தாள். முதல் பந்தை நான் பார்க்கவில்லை, கேட்டேன். காதோரம் பிரஷர் குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் போனது. பவுண்டரிக் கோட்டில் மிளகாய் பஜ்ஜியோடு உட்கார்ந்திருந்த உங்கள் தம்பி, "அப்படிப் போடு கண்ணு! இன்னும் கொஞ்சம் தலைக்குப் பக்கமா!" என்று கத்தினார். அது யார் தலை என்று பக்கத்தில் யாரோ எடுத்துச் சொன்ன பிறகுதான் எழுந்து நின்றார், அதுவும் பஜ்ஜியைக் கீழே வைக்காமல். இரண்டாவது பந்து என் முழங்கையில் பட்டு, பிறகு மட்டையில் பட்டு, தேயிலைப் பக்கம் உருண்டுபோய் அங்கே மேய்ந்துகொண்டிருந்த காட்டெருமையின் காலடியில் நின்றது. எருமை இருக்கும் இடத்துக்குப் பந்து போனால் யாரும் எடுக்கப் போக வேண்டாம், இரண்டு ரன் கொடுத்துவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். ஆக நானும் இரண்டு ரன் எடுத்துவிட்டேன். வாழ்க்கையில் என் பெயருக்கு யாரோ கை தட்டியது அன்றுதான், வலியில் அதைக்கூட அனுபவிக்க முடியவில்லை. வேறு பந்து வந்தது. மூன்றாவது தொடையில் பட்டது. ரேகா பக்கத்தில் வந்தாள். மனசு இளகிவிட்டாள், இனி உருட்டிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து மெதுவாக, "ம்மா, கண்ணை மூடாத. மூடினா இன்னும் ஜாஸ்தி அடிபடும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் இருபது அடி பின்னால் போய்விட்டாள்.

ஆனால் தெய்வம் நம் பக்கம்தான் இருந்தது. இந்த மூன்று பந்தையும் செலக்டர் அம்மா பார்க்கவே இல்லை. முழுக்க இருட்டிவிட்டால் காட் ரோட்டு வளைவுகளில் மலை இறங்க முடியாது என்று அவருடைய டிரைவர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார், அந்த அம்மா அவரோடு வாதாடிக்கொண்டிருந்தார். அதே நேரம் பள்ளத்திலிருந்து மிஸ்ட், அதுதான் பனிமூட்டம், ஏறி வந்தது. ஒரு கம்பம் மறைந்தது, அடுத்தது மறைந்தது, உங்கள் தம்பி பஜ்ஜியோடு மறைந்தார். இங்கே மிஸ்ட் வந்தால் அம்பயர் தானாக ஆட்டத்தை நிறுத்த மாட்டார். மட்டையோடு நிற்பவரைக் கேட்பார். தெரியவில்லை என்றால் ஆட்டம் அதோடு சரி, தெரிகிறது என்றால் நடக்கும். அடிபடுகிறவர் வாக்குக்கு மேல் வாக்கில்லை. அம்பயர் கந்தப்பன், ஃபயர் சர்வீஸில் இருந்து ரிடையர் ஆனவர், என் பக்கம் திரும்பி, "ஏனுங்க கலைமதி, பந்து தெரியுதுங்களா?" என்று கேட்டார்.

யோசித்துப் பாருங்கள் அண்ணி. ஒரே ஒரு வார்த்தை. 'தெரியலைங்க' என்றால் போதும். அதில் பொய்கூட இல்லை, என் கை விரல்களே எனக்குத் தெரியவில்லை. செலக்டர் அம்மா மூடின நோட்டைத் திறக்காமலே காரில் ஏறிவிடுவார், திங்கட்கிழமை அட்மிஷன், ஜன்னல் ஓரக் கட்டில், எல்லாம் நீங்கள் சொன்னபடி. உங்கள் முகம் என் கண் முன்னால் வந்தது. நான் வாயைத் திறந்து, "தெரியுதுங்க" என்றேன்.

கந்தப்பன் நம்பவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு உங்க மூஞ்சியே தெரியல."

"தெரியுதுங்க. அந்தம்மாவை ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் பாக்கச் சொல்லுங்க. அப்புறம் போடச் சொல்லுங்க."

இதைச் சொன்னது நான்தானா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். யார் எதைக் கேட்டாலும், டீக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால்கூட, 'அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்' என்று சொல்லியே இருபத்திரண்டு வருஷம் பழகிய வாய் இது. எம்.எஸ்ஸி. சேரச் சொல்லிப் பேராசிரியர் வீடு தேடி வந்தபோதும் அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன், இன்னும் சொல்லவில்லை. அப்படிப்பட்டவள் யாரையும் கேட்காமல் சொன்ன முதல் பதில், பச்சைப் பொய். பந்து வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. திரும்பிப் பார்த்தால் நடு ஸ்டம்பைக் காணோம், விக்கெட் கீப்பர் மிஸ்ட்டில் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். செலக்டர் அம்மா, "ஆடினது யாரு?" என்று கேட்டிருக்கிறார். "அவ அம்மாங்க" என்றிருக்கிறார் பாலமுருகன். "பெத்த அம்மாவா?" என்று இரண்டு முறை கேட்டு, நோட்டைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டு, காரில் ஏறிப் போய்விட்டார்.

ராத்திரி என் முழங்கைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே ரேகா கேட்டாள், "நீ ஏம்மா தெரியுதுன்னு சொன்ன?" தைலம் போதும், போய்ப் படு என்றேன். உங்கள் தம்பி, "அக்காவுக்கு நீ பதில் சொல்லிக்கோ, என்னை இழுக்காத" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

ஆகவே அண்ணி, ஒப்படைத்த காரியத்தை நான் கெடுத்துவிட்டேன். ஒரு பெண்ணை வழிக்குக் கொண்டுவரும் தகுதி எனக்கில்லை. நாளையே நீங்கள் புறப்பட்டு மேலே வந்து, அவளைக் கையோடு கூட்டிப்போய்க் காலேஜில் சேர்த்துவிடுங்கள். சர்டிபிகேட் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேச மாட்டேன்.

அண்ணனுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. என்மேல் கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டவும், ஃபோனில் வேண்டாம், முழங்கையை மடக்கிக் காதில் வைக்க முடியவில்லை.

என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
கலைமதி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது செலக்டர் அம்மா ஃபோனில் கூப்பிட்டார். திங்கட்கிழமை கோயம்புத்தூரில் முகாம் தொடங்குகிறதாம், பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றார். அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் ஆரம்பித்தேன், முடிக்கும்போது சம்மதம் என்று முடிந்துவிட்டது. இன்னொன்று. பந்து தெரியவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேனே, அது பொய். கந்தப்பன் கேட்டபோது தெரியவில்லை, அது உண்மை. ஆனால் அவள் கையை விட்டு வந்த பந்து பாதி வழியில் மிஸ்ட்டிலிருந்து வெளியே வந்தது அண்ணி, வெள்ளையாக, தையல் கொஞ்சமும் அசையாமல். அவ்வளவு அழகாகத் தெரிந்தது. மட்டையைக் கீழே இறக்கித் தடுக்க நேரம் இருந்தது, பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அதனால் நீங்கள் மலை ஏற வேண்டாம். நாளை மாலை நாங்கள்தான் இறங்கி வருகிறோம். முகாம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில், பத்து நாள். காலையில் அவளுக்கு நாலு முட்டை வேண்டும். எனக்கு இரண்டு போதும்.