கண்ணாடி ஒட்டிய சுவர்

கட்டுகஸ்தோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி தியாகராஜாவுக்கு,

அக்கா இராஜேஸ்வரி எழுதுவது. இங்கே மழையைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மாத்தளையில் உன் மனைவியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மாதக் கடைசியில் லொறி அனுப்பி என்னை அங்கே அழைத்துக்கொள்வதாக எழுதியிருந்தாய். வேண்டாம். மலைச்சரிவில் நிற்பதாலேயே ஒரு வீடு சரிந்துவிடாது. உன் அத்தான் பக்கத்தில் நின்று கட்டுவித்த வீட்டுக்கு இப்போது பல்கலைக்கழகமே சாட்சி. பேராதனையில் எஞ்சினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிற ஹபீல், திகனயில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகன், ஆய்வுக்காக வெடிப்பு விழுந்த சுவர் தேடி வந்தான். பட்டம் பெறுமுன்பே பேராசிரியரின் கீழ் ஆய்வு செய்ய இப்போது இடம் தருகிறார்களாம். நம் காலத்தில் பட்டம் பெற்ற பிறகும் யாரும் எதையும் ஆராயவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான், ஆகவே அனுமதித்தேன். பின்சுவர் வெடிப்புகளுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டித் தேதி எழுதினான். சுவர் நூலளவு அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடுமாம். வாராவாரம் வந்தான், மழைக்காலம் முழுவதும் பார்த்தான், ஒன்றும் உடையவில்லை. எனக்குப் பெருமை. அவன் முகத்தில் ஈயாடவில்லை. அசையாத வீட்டை வைத்து ஆய்வு எழுத முடியாது, அந்த இடத்தை வேறொரு மாணவனுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம்.

"வீடு கொஞ்சம் சரி அசஞ்சாத்தானே ஆன்ட்டி எனக்கு ரிசேர்ச் ஈக்கும்" என்றான். அதற்காக வீட்டை அசைக்க முடியாது என்று சொல்லி இன்னொரு வடை வைத்தேன்.

தொல்லை பாப்பம்மாவால்தான். வேலைக்காரி என்றால் கை நிதானம் வேண்டாமா? வீடு கூட்டும்போது தும்புத்தடியைச் சுவரில் இடித்து இடித்துக் கண்ணாடிகளை உடைத்துவிடுகிறாள். கேட்டால், "நான் அந்தப் பக்கமே போகலீங்கம்மா, அதுவா உடையுதுங்க" என்கிறாள். அதுவாக உடைகிற பொருளை நான் கண்டதில்லை. உடைந்த கண்ணாடி வீட்டில் இருந்தால் ஆகாது. வருகிறவர் கண்ணிலும் படக் கூடாது. ஆகவே படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் அதே அளவில் வெட்டுவித்து, ஹபீல் வருமுன் நானே ஒட்டிவிடுவேன். பழைய தேதியையும் பிழையில்லாமல் எழுதிவிடுவேன். கான்வென்ட் கையெழுத்து. தன் எழுத்து திருந்திவிட்டது என்று பையன் நினைத்துக்கொண்டிருப்பான்.

ஆகவே லொறி வேண்டாம். பிள்ளைகளுக்கு என் ஆசி. எழுத்துப் பிழையில்லாமல் எனக்கு ஒரு வரி எழுதச் சொல்.

உன் அக்கா,
இராஜேஸ்வரி

பி.கு.: பாப்பம்மா மகளின் பிரசவத்துக்குத் தெல்தோட்டைக்குப் போய் ஒரு வாரமாகிறது. தும்புத்தடி மூலையிலேயே நிற்கிறது. கடிதத்துக்குத் தபால் முத்திரை எடுக்க எழுந்தபோது பார்த்தேன், எல்லாக் கண்ணாடிகளும் உடைந்திருக்கின்றன. ஹபீலுக்குத் தொலைபேசியில் சொன்னேன், முன்பு உடைந்தவற்றையும் சொன்னேன். சந்தோஷத்தில் அழுதுவிட்டான். பேராசிரியரையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். என்னைக் கதிரையோடு முற்றத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். இதை அங்கிருந்துதான் எழுதுகிறேன். கடிதத்தை ஹபீலே மாத்தளை பஸ்ஸில் கொண்டுவருகிறான், சாப்பாடு கொடு. லொறியை இன்றைக்கே அனுப்பு. ஹபீலின் இடம் நிலைத்துவிட்டது. இனிமேல் எதையும் ஒட்ட வேண்டாம் என்று பேராசிரியர் என்னைக் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார்.