கதவுத் தீர்மானம்

தேவமலர் பள்ளி பஸ்ஸிலிருந்து குதித்து, புத்தகப் பையோடு நேரே கழிப்பறைக்குள் ஓடினாள். தினமும் இதே ஓட்டம்தான். பள்ளியில் பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவு கழன்று விழுந்து ஒரு வருஷமாகிறது. பிள்ளை காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை.

"என்னங்க, பெற்றோர் சங்கத் தலைவர்கிட்ட சொன்னீங்களா இல்லையா?" என்று உஷாராணி கணவன் திருச்செல்வத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிட்டேன்லா. பார்க்கிறேன்னாரு."

"போன வருஷமும் இதையேதான் சொன்னாரு! என்ன மனுஷன் அவரு?"

"பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ."

ஊரான் மேல் இவருக்கு எவ்வளவு இரக்கம்! உஷாராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு ஃபேக்டரி வேலை, ஞாயிறும் ஷிஃப்ட். பள்ளிக் கூட்டங்களுக்கெல்லாம் அவர்தான் போய்வருவார். இந்த ஞாயிறு அவள் லீவு போட்டாள்.

"நீ எதுக்கு? நான் போறேனே!" என்று அவர் பதறினார்.

"நீங்க போய்க் கிழிச்சது போதும்."

"அப்போ நான் வரல. நீ பின்னாடி உட்காரு. பேசாத. மீகூன் கொடுப்பாங்க, சாப்பிட்டு வந்துடு."

பள்ளி மண்டபத்தில் உஷாராணி முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். மேடையில், 1994 ஆண்டுக்கூட்டம் என்று துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"தலைவரால இன்னைக்கு வர முடியல..." என்று தலைமையாசிரியர் தொடங்கினார்.

உஷாராணி எழுந்துவிட்டாள். "ஏன் சார் வரல? கதவு எங்கேன்னு கேட்பாங்கன்னு பயமா?"

தலைமையாசிரியர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "அம்மா, நீங்க திருச்செல்வத்தோட..."

"நான் யாரு வீட்டுக்காரின்னு அப்புறம் பேசலாம் சார். என் பிள்ளை ஒரு வருஷமா அடக்கிக்கிட்டு வீட்டுக்கு ஓடிவருது. அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"இப்போதைக்கு ஒரு சாக்கு கட்டிவிடலாம்..." என்று இழுத்தார் தலைமையாசிரியர்.

"உங்க வீட்டுல சாக்குதான் தொங்குதா சார்?"

"இல்லம்மா. ஆனா கூட்டத்துக்குன்னு ஒரு முறை இருக்கு. எதுவா இருந்தாலும் ஒருத்தர் முன்மொழியணும், இன்னொருத்தர் வழிமொழியணும்."

"அவ்வளவுதானே? நான் முன்மொழியறேன். புதுக் கதவு வர்ற வரைக்கும், தலைவர் வீட்டு பாத்ரூம் கதவைக் கழட்டிக் கொண்டுவந்து இங்க மாட்டணும்!"

"வழிமொழியறேன்!" என்று குஞ்சம்மா டீச்சர் துள்ளி எழுந்தார். அதற்குள் மண்டபம் முழுக்கக் கைகள் உயர்ந்துவிட்டன. சிலர் இரண்டு கைகளையும் தூக்கினார்கள். வந்த முதல் கூட்டத்திலேயே இத்தனை ஆதரவா! உஷாராணிக்குப் பெருமை தாங்கவில்லை.

"அம்மா, ஒரு விஷயம். தலைவர் யாருன்னா..." தலைமையாசிரியர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"யாரா இருந்தா எனக்கென்ன? அவருக்குப் பரிஞ்சு பேசாதீங்க சார். இன்னைக்கே கழட்டணும். கதவில்லாம இருந்தா எப்படி இருக்கும்னு அவரு பொண்டாட்டிக்கும் தெரியட்டும்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

உஷாராணி ஒரு தட்டு மீகூன் வாங்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து வாசலுக்கு வந்தாள். அங்கே பள்ளித் தோட்டக்காரர் மாயாண்டி, ஸ்குரூ டிரைவரும் சுத்தியலுமாகத் தயாராக நின்றிருந்தார்.

"அக்கா, உங்க வீட்டுக்கு இப்பவே வரலாமா? நான் கதவைக் கழட்டுற நேரம் பார்த்து, நம்ம தலைவர் திருச்செல்வம் அண்ணன் உள்ளே குளிச்சுக்கிட்டு இருந்துடப்போறாரு!"