உங்கள் கேட்டுக்கு நேரே நின்றுபோகும் கார் பற்றி

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் இவளும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை என்று அன்றைக்கு நீங்களே சொல்லிவிட்டதால் விசாரிக்கவில்லை.

அப்பாவின் கார் உங்கள் கேட்டுக்கு நேரே வந்து நின்றுபோவது என் ஏற்பாடு அல்ல. இவளுடைய முட்டி வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரி போக உங்கள் தெருதான் வழி. வீட்டிலிருந்து ஒழுங்காகத்தான் கிளம்புகிறது, சந்தையைத் தாண்டுகிறது, மேட்டில்கூட ஏறிவிடுகிறது, உங்கள் கேட்டைக் கண்டதும் இரண்டு இருமல் இருமிவிட்டுப் படுத்துவிடுகிறது. நீங்களோ என்னைப் பார்த்துவிடக் கூடாதென்று ஒரே தொட்டிச் செடிக்கே குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், போன தடவை அந்தத் தண்ணீர் வழிந்து என் செருப்புவரை வந்துவிட்டது. "அந்த டப்பாவை எடைக்குப் போடுடா, நடுத்தெருவுல நிறுத்தும்" என்று நீங்கள் சொன்னதும், "அப்பா காரை டப்பான்னு சொல்றவங்களோட எனக்கு என்ன பேச்சு" என்று நான் சொன்னதும், அதோடு நம் பேச்சு நின்றதும் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்காக நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

பென்ஷனுக்குள் அடங்கிய வைத்தியமெல்லாம் பார்த்துவிட்டேன். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தேன். பேட்டரி கடைக்காரர் பேட்டரிதான் என்றார், வயரிங் பார்ப்பவர் வயரிங்தான் என்றார், யார் எதை விற்கிறார்களோ அதுதான் கெட்டுப்போயிருக்கிறது. மெக்கானிக் பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொன்னார், விலையைக் கேட்டதும் நானே நின்றுபோனேன். பத்து நிமிஷம் சும்மா விட்டால் தானாகக் கிளம்பும். அந்தப் பத்து நிமிஷம் இருக்கிறதே அண்ணா, பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாவிட்டாலும் எதையாவது திருகிக்கொண்டிருப்பேன். இவள் உள்ளே உட்கார்ந்தபடி, "உங்க அண்ணன் ரொம்ப இளைச்சுட்டாருங்க, சட்டை தொளதொளன்னு கிடக்கு" என்பாள். "நீ பெட்ரோல் முள்ளைப் பாரு" என்பேன். நானும்தான் பார்த்தேன். அந்தக் குழாயையே ரெண்டு கையாலதான் பிடிச்சிருக்கீங்க. உடம்புக்கு என்னன்னு கேட்க வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். அதுக்குள்ள கார் கிளம்பிருச்சு.

ஆகவே இனிமேல் சுற்றுவழியில் போவதாக இருக்கிறேன். பெட்ரோல் கூட ஆகும், ஆகட்டும். உங்கள் வாசலை மறிக்க மாட்டேன். அண்ணியை விசாரித்ததாக இவள் எழுதச் சொன்னாள். நான் யாரையும் விசாரிக்கவில்லை.

இப்படிக்கு,
கீழ்ப்படியாத தம்பி

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் மெக்கானிக் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார். பெட்ரோல் டேங்க் மூடி தொலைந்தபோது, காசு மிச்சமென்று பழைய எண்ணெய் டின்னின் மூடியைப் போட்டு இறுக்கியிருந்தேன். "மூடியில காத்து போக ஓட்டை வேணும் சார், இல்லேன்னா கொஞ்ச தூரத்துல டேங்க் பெட்ரோலை விடாது" என்று ஆணியால் ஒரு குத்துக் குத்தினார். அதற்கப்புறம் சோதித்துப் பார்க்க உங்கள் தெரு வழியாகவே ஓட்டினேன், நிற்காமல் போய்விட்டது. நீங்கள் குழாயைக் கீழே போட்டுவிட்டு ரோடு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். வியாழக்கிழமை மறுபடி ஆஸ்பத்திரி. ஓட்டையில் கொஞ்சம் சோப்பை வைத்து அடைத்துக்கொண்டுதான் கிளம்பப் போகிறேன். வாசலில் இருங்கள்.