ரேவன்ஷா குன்றில் எனிட்டைத் தொலைத்தது பற்றி

மதிப்புக்குரிய ஹெஸ்டர் அக்காவுக்கு,

செட்பரிலிருந்து உங்கள் தங்கை எனிட்டின் கணவன் ஏம்ப்ரோஸ் பணிவோடு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் மழையும் சௌக்கியம். அங்கே நீங்களும் உங்கள் மூட்டுவலியும் எப்படியென்று தெரியப்படுத்தவும்.

மேலே படிக்கும்முன் உட்கார்ந்துகொள்ளுங்கள். எனிட் உயிரோடுதான் இருக்கிறாள். இதை முதலிலேயே எழுதிவிடச் சொன்னதும் அவள்தான்.

வசந்தத்தில் அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்றியபோது, ஆஸ்பத்திரி வாசலில் என் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, "அவளைக் கண்ணுல வச்சுப் பாத்துக்கணும், ஆமா" என்றீர்கள். ஆறு மாதம் அப்படித்தான் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். "டாக்டரே நடக்கச் சொல்லிட்டாரு. நீ வர்றியா, நான் மட்டும் போகவா?" ஏரிப் பக்கம் போனால் நாலு பேர் இருப்பார்கள், விழுந்தால் தூக்குவார்கள் என்றேன். அவளுக்கு ஈ காக்காய் இல்லாத ரேவன்ஷா குன்றுதான் வேண்டுமாம்.

வலி மாத்திரை, கட்டுத்துணி, மடக்கு நாற்காலி, பாலாடைக்கட்டியோடு பழக் கேக், அவள் தொலைத்துவிடுவாளே என்று அவளுடைய போன், எல்லாவற்றையும் நானே சுமந்து ஏறினேன். காற்றென்றால் அப்படியொரு காற்று, வாயைத் திறந்தால் பல்செட் போய்விடும்போல, அதில் வழி பார்க்கலாமென்று வரைபடத்தை விரித்ததுதான் தாமதம், காற்று அதைப் பிடுங்கிக்கொண்டுபோய் ஒரு ஆட்டின் முதுகில் போர்த்திவிட்டது. "இங்கயே நில்லு, அசையாதே!" என்று எனிட்டிடம் சொல்லிவிட்டு ஓடினேன். ஆடு ஓட, நான் ஓட, ஆடு நிற்க, நான் விழ, கடைசியில் வரைபடம் பள்ளத்தில் பறந்தே போயிற்று. திரும்பி வந்தால் எனிட் இல்லை.

அந்த மேடுகள் எல்லாம் ஒரே அச்சு, அக்கா. எதில் விட்டேன் என்று நான் கண்டேனா? ஒவ்வொரு சரிவாக எட்டிப் பார்த்தேன். போனில் சிக்னல் இல்லை. விசில் ஊதினால் காற்று சத்தத்தை என் காதுக்கே திருப்பித் தந்தது. கீழே ஒரு பாறை நீலமாகத் தெரிந்தபோது அவள் தொப்பியென்றே நினைத்து அதுவரை சறுக்கியே இறங்கினேன். உங்களுக்கு என்ன பதில் சொல்வேன்?

இரண்டு மணி நேரம் கழித்து, சிவப்புச் சட்டை போட்ட நாலு பேர் ஒரு நாயோடு ஏறி வந்தார்கள். மலை மீட்புக் குழு! "என் மனைவியைக் காணோம்! இடுப்பு மாத்தினவங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

அவர்களின் தலைவி என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். "மெதுவா மூச்சு விடுங்க பெரியவரே. உங்க பேரு ஏம்ப்ரோஸா?"

"ஆமா."

"அப்ப சரி. காணாமப்போனது நீங்கதான்." பிறகு வயர்லெஸ்ஸில், "கிடைச்சிட்டாரு. நல்லா நடக்குறாரு. பேசவும் செய்றாரு, கொஞ்சம் அதிகமாவே" என்றாள்.

எனிட் ஒரு மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டு, தானே இறங்கி, அடிவாரப் பண்ணைவீட்டிலிருந்து அவர்களைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் உள்ளே நுழைந்தபோது அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் டீக்கோப்பையைத் தரையிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "அசையாதேன்னு சொல்லிட்டு எங்கய்யா போன? எங்கயாவது உருண்டு கெடக்கியோன்னு..." முடிக்காமல் என் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள், உங்களைப் போலவே. நாற்பத்தாறு வருஷத்தில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை. எனக்கொரு டீ கேட்டேன்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். இனி இந்த வீட்டிலிருந்து யாரும் எந்தக் குன்றிலும் கால் வைப்பதில்லை. பூட்ஸ் இரண்டு ஜோடியும் சர்ச்சில் நடக்கும் பழைய சாமான் விற்பனைக்குப் போகின்றன. நீங்களும் அவளைக் கண்டித்து நாலு வரி எழுதுங்கள்.

அத்தானுக்கும் பூனைக்கும் என் அன்பு. ஆண்டவர் உங்களை என்றும் சமதரையிலேயே வைத்திருப்பாராக.

பணிவன்புடன்,
ஏம்ப்ரோஸ்

பி.கு.: கண்டித்து எழுத வேண்டாம். இன்று வெயில் அடிக்கிறது. "பாதி வரைக்கும்தான்" என்கிறாள். கடிதத்தைப் போகிற வழியில் தபாலில் போடுகிறேன். கையைப் பிடித்துக்கொண்டே நடப்பதென்று பேச்சு. ஆகையால், தொலைந்தால் இந்த முறை சேர்ந்தே தொலைவோம்.