கல்யாண மண்டபத்துக் காபி மிஷின்

பிரஷர் மீட்டரின் முள் ஒன்று என்ற எண்ணைத் தொட்டது. ஆவிக்குழாய் உஸ்ஸென்று முதல் மூச்சை விட்டது. ராம்குமார் சந்தோஷப்படுவதற்காக வாயைத் திறந்தார். அதற்குள் ஹாலில் மின்விசிறி நின்றுவிட்டது.

எதிர்வீட்டு மிக்ஸியும் நின்றது. கீழே தண்ணீர் மோட்டாரும் நின்றது. ஆறு வீடுகள் கொண்ட அந்த மயிலாப்பூர்க் கட்டடம், திங்கட்கிழமை மாலை நாலரை மணிக்கு, ஒரே நொடியில் ஊமையாகிவிட்டது.

ராம்குமார் பிளக்கைப் பிடுங்கினார். பால்கனியில் நின்ற மிஷினின் மேல் பழைய போர்வையைப் போர்த்தினார். பிறகு கோயில் இருக்கும் திசையைப் பார்த்து, "கபாலி, இது மட்டும் என்னால வந்ததா இருக்கக் கூடாது" என்று கேட்டுக்கொண்டார். அவரால்தான் என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

கோடம்பாக்கத்தில் இடிக்கப்போகிற ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து வந்த எஸ்பிரஸ்ஸோ மிஷின் அது. அந்தக் காலத்தில் ரிசப்ஷன் வாசலில் நின்று, கண்ணாடித் தம்ளர்களில் நுரை பொங்கப் பொங்கக் காபி கொடுத்தது. ராம்குமாரின் கல்யாணத்திலும் அப்படி ஒன்று இருந்தது. ஊரே வரிசையில் நின்று குடித்தது. மணப்பெண் ஜானகி மேடையில் நின்றபடி, போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே, அந்த வரிசையைப் பார்த்தாள். அவள் இறங்கி வந்தபோது மிஷினை அணைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ஜானகி அதைக் குறையாகச் சொன்னதே இல்லை. மற்றவர்கள் கல்யாணத்தில் காபி குடிக்கும்போது சும்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். முப்பது வருஷமாக அந்தச் சிரிப்புதான் ராம்குமாரைக் குத்தியது. வருகிற வெள்ளிக்கிழமை அவர்களுடைய கல்யாண நாள். முதல் தம்ளர் அவளுக்கு.

அதற்காக ஒரு மாதமாகப் புளி போட்டுப் பித்தளையைத் தேய்த்தார். பாய்லரில் ஆவி கசியாமலிருக்கப் புது கேஸ்கட் வாங்கி மாட்டினார். அழகுக்கு வைத்திருப்பதாக ஜானகியிடம் சொல்லியிருந்தார். நாலு மணிக்கு அவள் கோயிலுக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்புவாள். அந்த இரண்டு மணி நேரம்தான் சோதனை நேரம்.

"யார் வீட்டுல என்ன போட்டீங்க?" என்று கீழ்த்தளத்திலிருந்து தணிகாசலத்தின் குரல் வந்தது.

தணிகாசலம் குடியிருப்போர் சங்கச் செயலாளர். வீட்டுக்குள் வியாபார மிஷின் எதுவும் கூடாது என்று எழுதி வாசலில் ஒட்டியவர். போன வருஷம் பெரிய கிரைண்டர் வைத்து மாவு அரைத்து விற்ற குடும்பம் ஒரே மாதத்தில் காலி செய்ய வேண்டியதாயிற்று. ராம்குமார் வாடகைக்கு இருப்பவர். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்துகொண்டு தணிகாசலம் சொல்வதையே கேட்பவர். கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு அமைந்ததைத் தன் வாழ்க்கையின் ஒரே அதிர்ஷ்டம் என்று நினைப்பவள் ஜானகி.

ஒன்றும் தெரியாதவர்போல அவர் படிக்கட்டுக்கு வந்தார். இரண்டாவது மாடியிலிருந்து, "யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது.

கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அஸ்மத்துன்னிசா. ஜனவரியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து படி இறங்கியதில்லை. மகன் தரமணியில் வேலை முடிந்து எட்டு மணிக்கு வருவான். ராம்குமார் போய்ப் பார்த்தபோது, காற்றில்லாத அறையில் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை. ஒவ்வொரு துளியும் தன் கணக்கில் விழுவதாக ராம்குமாருக்குத் தோன்றியது.

வாட்ச்மேன் குப்பனைக் கூப்பிட்டார். இருவருமாக டீச்சரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி, படி படியாக இறக்கி, கேட்டோரம் வேப்பமரத்து நிழலில் உட்கார வைத்தார்கள். குப்பன் படிக்கட்டுக்கு அடியில் இருந்த மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டான். கரண்ட் வந்தது.

"மேல போலாமா டீச்சர்?" என்றார் ராம்குமார்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டுமே தம்பி."

டீச்சர் பூக்காரியைப் பார்த்தார். இஸ்திரி வண்டியைப் பார்த்தார். போகிற ஆட்டோவையெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எட்டு மாதமாகத் தெருவையே பார்க்கவில்லை என்றார்.

மறுநாள் காலை ராம்குமார் ராயப்பேட்டைக்கு ஓடினார். அங்கே மிக்ஸி கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாலு, பாய்லரைச் சூடாக்கும் பழைய எலிமெண்டில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று மிஷினின் போட்டோவைப் பார்த்தே சொன்னான். வந்து புது எலிமெண்டை மாட்டினான்.

"இனிமே ஒரு பிரச்சனையும் வராது சார். தைரியமா போடு."

செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கு ராம்குமார் தைரியமில்லாமல் போட்டார். முள் ஏறியது. ஆவி உஸ்ஸென்றது. கரண்ட் போனது.

மறுபடி போர்வை. மறுபடி படிக்கட்டு. மறுபடி டீச்சரின் நாற்காலி. இந்த முறை எதிர்வீட்டு அம்மாளும் காற்றுக்காகக் கீழே வந்து, டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கரண்ட் வந்த பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை. கோயிலிலிருந்து திரும்பிய ஜானகி அவர்களோடு சேர்ந்துகொண்டு, பிரசாதச் சுண்டலைப் பங்கு போட்டாள்.

அவள் சிரித்துப் பேசுவதை ராம்குமார் பால்கனியிலிருந்து பார்த்தார். 'இந்த வீட்டை விட்டு இவளைக் கிளப்பிக்கொண்டு எங்கே போவேன்?' என்று நினைத்தார். அன்று பிரஷர் மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று மறந்து, போடாமலே இருந்துவிட்டார்.

ஒயர் மெலிசு என்றான் பாலு. புதன்கிழமை விரல் பருமனுக்கு ஒயர் போட்டான். எர்த்துக்குத் தனிக் கம்பி இழுத்தான். கிளம்பும்போது, இதற்கு மேல் கரண்ட் போனால் தன் பேரை மாற்றிக்கொள்வதாகச் சொன்னான். நாலரை மணிக்கு அவன் பேரை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ராம்குமார் இரண்டாவது மாடிக்கு ஓடியபோது, குப்பன் அதற்கு முன்பே நாற்காலியோடு டீச்சர் வீட்டு வாசலில் நின்றிருந்தான். பொறுப்பான ஆள் என்று நினைத்துக்கொண்டார். தான் செய்த தப்புக்கு இந்த ஏழை தினம் சுமை தூக்குகிறானே என்று வேறு மனசு உறுத்தியது.

கீழே தணிகாசலமே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டீச்சரோடு பேச்சு எங்கெங்கோ போயிற்று. சங்கத்தின் தண்ணீர்க் கணக்கில் இருந்த ஒரு தப்பை டீச்சர் வாயாலேயே கூட்டிச் சொன்னதில், அவர் அசந்துபோயிருந்தார். ஆனாலும் கோபம் கோபம்தான். வெள்ளிக்கிழமை காலை எலக்ட்ரீஷியனோடு வீடு வீடாக வந்து பார்க்கப்போவதாக அறிவித்தார்.

"எவன் வீட்டுல மாட்டுதோ, அவன் மறுநாள் வீடு பார்க்க ஆரம்பிச்சுடலாம். என்ன ராம்குமார்?"

ராம்குமார் ஆமாம் என்று தலையாட்டினார்.

மிஷினை அப்புறப்படுத்திவிடலாமா என்று பாலுவிடம் கேட்டார். தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரத்தில் பாலுவுக்கு வேறு வழி தோன்றியது.

"அடில பர்னர் மாட்ட எடம் கீது சார். மண்டபத்துல கரண்ட் இல்லாங்காட்டி கேஸ்ல ஓட்டுவாங்கோ. ஒயரையே கயட்டிடு. அப்புறம் எப்பிடிப் போவும் கரண்ட்டு?"

ராம்குமாருக்கு உயிர் வந்தது. வியாழக்கிழமை ஒயரைக் கழற்றிச் சுருட்டிப் பரணில் போட்டார். சுவரில் இருந்த பாயிண்டின் மேல் பேப்பர் ஒட்டினார். மிஷினுக்கு அடியில் பர்னரைப் பற்றவைத்துவிட்டு, மனசுக்குள் சிவபுராணம் சொல்லிக்கொண்டு நின்றார்.

முள் ஏறியது. ஒன்றைத் தொட்டது. ஆவி உஸ்ஸென்று, இதுவரை இல்லாத அழகோடு, ஒரே சீராக வந்தது.

கரண்ட் போனது.

ராம்குமார் சுவரைப் பார்த்தார். பேப்பர் ஒட்டியபடி இருந்தது. மிஷினைச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு நூல் ஒயர்கூட இல்லை. இதற்கு மேல் இது பாலு சம்பந்தப்பட்ட விஷயமாக அவருக்குத் தோன்றவில்லை. நாலு நாளாக வாயை மூடிக்கொண்டிருக்கிறாயே, எத்தனை தடவைதான் சொல்வது என்று மேலே இருப்பவன் கேட்பதாகவே பட்டது.

பர்னரை அணைத்தார். சட்டையைப் போட்டுக்கொண்டார். வழக்கம்போலக் குப்பனோடு டீச்சரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கேட்டருகில் தணிகாசலமும், எதிர்வீட்டு அம்மாளும், அன்றைக்கென்று சீக்கிரம் திரும்பிவிட்ட ஜானகியும் இருந்தார்கள். குப்பன் மெயினைத் தூக்கிவிட்டு வந்து ஓரமாக நின்றான்.

"நாளைக்கு யார் வீட்டையும் பார்க்க வேண்டாம் சார். நான்தான்" என்றார் ராம்குமார்.

எல்லாவற்றையும் சொன்னார். மண்டபத்து மிஷின், எலிமெண்ட், எர்த், கடைசியாகக் கேஸ். எதற்காக என்பதைச் சொல்லும்போது ஜானகியின் பக்கம் பார்க்க முடியவில்லை. தன்மேல் மட்டும் கோபப்படுமாறும், அவளுக்கு இதில் எதுவும் தெரியாதென்றும் சொல்லிக் கைகூப்பினார்.

தணிகாசலம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒயரே இல்லாமயா கரண்ட் போச்சு?"

"ஒயரே இல்லாம."

ஜானகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீச்சர் மட்டும், எங்கோ கூட்டல் இடிக்கிறது என்பதுபோல, நெற்றியைச் சுருக்கி மெதுவாகத் தலையைத் திருப்பினார். அவர் பார்வை போன இடத்தில், கழற்றிய தொப்பியை இரண்டு கையாலும் திருகிக்கொண்டு நின்றான் குப்பன்.

"மொத நாளு மட்டுந்தான் சார் அது உங்க மிஷினு, அப்பால தெனம் மெயினை எறக்கினது நான்தான், மேல உஸ்ஸுன்னு சத்தம் வந்தா நீங்க வூட்ல கீறீங்கன்னு தெரியும், கரண்ட் போனாத்தானே டீச்சரம்மாவைத் தெருவப் பாக்கத் தூக்கியார ஓடியாறீங்கோ?"