ஈரப்பதம் என்று பதிவு செய்யவும்

மனித குலத்தின் மகத்தான தலைவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு வெள்ளத்தின்போதுதான் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்து இரண்டாம் எண் வீட்டுக்காரரையும் நாங்கள் அப்படித்தான் அடையாளம் கண்டோம். ஒரே வித்தியாசம், மற்றவர்களுக்கு வெள்ளம் மேலேயிருந்து வந்தது. இவருக்குக் குளியலறைக் குழாய் வழியாகக் கீழேயிருந்து வந்தது. வெள்ளம் வெள்ளம்தானே. அதை நிறம் பார்த்து மதிப்பிடுவது படித்தவர்களுக்கு அழகல்ல.

அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'சேஃப்டி சார்'. தகர டப்பா செய்யும் பெரிய ஆலையில் முப்பத்தோரு வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவ்வளவு வருடத்திலும் அந்த ஆலையில் நடந்த விபத்துகள் பூஜ்யம். தகரம் வெட்டுகிற இடத்தில் ஒருவருக்கு நகம்கூடப் பெயரவில்லை என்றால் அது கடவுள் செயலாக இருக்க வேண்டும், இல்லை எழுத்துத் திறமையாக இருக்க வேண்டும். சார் கடவுளை நம்பிச் சும்மா உட்காருகிறவர் இல்லை. யாராவது ஏணியிலிருந்து விழுந்தால் 'எதிர்பாராத இறக்கம்' என்று எழுதுவார். விரல் போனால் 'கையளவில் சிறு மாற்றம்'. 'விபத்து' என்ற சொல்லை அவருடைய பேனா ஒருமுறைகூடத் தொட்டதில்லை. இந்தக் கற்புக்காகவே ஓய்வு பெற்ற அதிகாரிகள் சங்கம் அந்த வார வியாழக்கிழமை மாலை அவருக்குப் 'பாதுகாப்புச் செம்மல்' என்ற பட்டத்தை வழங்குவதாக முடிவு செய்திருந்தது.

வெள்ளம் செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கே வந்துவிட்டது.

குளியலறை மூலையில் இருந்த சல்லடை மூடி முதலில் ஏப்பம் விட்டது. பிறகு இருமியது. பிறகு மேலே இருக்கிற மூன்று மாடிக்காரர்களும் காலையில் கைகழுவிவிட்ட அத்தனை விஷயங்களும் சல்லடை வழியே பொங்கி, கூடத்துக்கு வந்து, சோபாவுக்கு முன்னால் விரித்திருந்த கம்பளத்தில் ஏறி இளைப்பாறின.

"ஏங்க! சீக்கிரம் வாங்க! சாக்கடை வீட்டுக்குள்ள வந்துடுச்சு!" என்று வீட்டம்மா கத்தினார்.

சார் செய்தித்தாளை நான்காக மடித்து வைத்துவிட்டு, எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கமில்லை.

"சாக்கடைன்னு சொல்லாதம்மா. பீதியைக் கிளப்பற வார்த்தை அது. ஈரப்பதம்னு சொல்லு."

"ஈரப்பதம் மிதக்குதுங்க. உங்க செருப்பும் அதோட சேர்ந்து போய்க்கிட்டு இருக்கு."

"சரி, கூடுதல் ஈரப்பதம்."

வீட்டம்மாவுக்கு இழுப்பு உண்டு. பீரோ மேல் தூசி தட்டினாலே நெஞ்சு விசிலடிக்கும். மாடியில் குடியிருக்கும் நர்ஸ்தான் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று இன்ஹேலரை எப்படி உறிஞ்சுவது என்று சொல்லிக் கொடுத்திருந்தார். அதனால் வீட்டம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே, மிக நியாயமான ஒன்றைச் சொன்னார்.

"அந்தக் கழிவுநீர் கம்பெனிக்குப் போன் பண்ணுங்க. மெஷினோட வந்து ஒரு மணி நேரத்துல எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"அவங்க வண்டியை நீ பாத்திருக்கியா? ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு எழுதி வெச்சிருக்கான், 'உங்கள் கழிவு, எங்கள் கவலை'ன்னு. அது நம்ம வாசல்ல நின்னா ஊர் என்ன சொல்லும்? வியாழக்கிழமை பட்டம், செவ்வாய்க்கிழமை கழிவு வண்டியா? நாமளே பண்ணிக்கலாம். இதுக்குப் பேருதான் சுயசார்பு."

சுயசார்பு என்பது ஓர் உயர்ந்த தத்துவம். அதில் ஒருவர் சுயமாக நிற்பார், இன்னொருவர் அவர் சார்பாகக் குனிவார்.

வேலை தொடங்கும் முன் பாதுகாப்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்பது ஆலை விதி. விதியைச் சார் வீட்டிலும் விடவில்லை. அலமாரியிலிருந்து மஞ்சள் தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டு, நனையாத இடமாகப் பார்த்து சோபாவின் மேல் ஏறி நின்றார்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"நான் ஒருத்திதாங்க இருக்கேன்."

"வருகைப் பதிவுல கையெழுத்துப் போடு."

"கணுக்காலுக்கு மேல ஏறிடுச்சுங்க!"

"முதல்ல கையெழுத்து."

போட்டார். சார் தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார்.

"அது எனக்குக் கிடையாதா?" என்றார் வீட்டம்மா.

"ஒண்ணுதான் இருக்கு. மேற்பார்வை பாக்கறவன் தலைல ஏதாவது விழுந்துட்டா அப்புறம் உன்னை யார் வழிநடத்துறது?"

"இங்க எல்லாமே கீழேருந்துதானே வருது?"

இந்தக் கேள்வி கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் பதிவு செய்யப்படவில்லை. வீட்டம்மாவுக்குப் பாத்திரம் தேய்க்கிற கையுறை வழங்கப்பட்டது. இடது கையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. அதைச் சார் குறிப்பேட்டில் 'காற்றோட்ட வசதி' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த ஆணை, ஜன்னல்களை மூடுவது. "வாசனை வெளியே போச்சுன்னா நாலு பேரோட மூக்கு உள்ளே வரும்" என்றார். நாலு பேர் என்று அவர் குறிப்பிட்டது எங்களைத்தான். அந்த வீட்டில் நடப்பதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு மூக்கு வேண்டியதில்லை, சுவர் அவ்வளவு மெல்லிசு என்பது அவருக்குத் தெரியாது.

முதலில் துடைப்பமும் முறமும். பிறகு, விஞ்ஞான முறை. கம்பளத்துக்கு வைத்திருந்த வேக்குவம் கிளீனரைக் கொண்டுவரச் சொன்னார். தூசியை உறிஞ்சுகிற இயந்திரம் ஈரப்பதத்தையும் உறிஞ்சாமல் எங்கே போய்விடும்? உறிஞ்சத்தான் செய்தது. முன்பக்கம் உறிஞ்சியதை எல்லாம் பின்பக்கக் காற்றோடு சேர்த்து மெல்லிய சாரலாகச் சுவர், திரைச்சீலை, கல்யாணப் போட்டோ ஆகிய மூன்றுக்கும் பாரபட்சமில்லாமல் பங்கிட்டது. இயந்திரத்தின் வயர் தரையில் கிடந்த ஈரப்பதத்தில் நீச்சலடித்துக்கொண்டிருந்தது. வீட்டம்மா அதை நகர்த்தக் கை வைத்தவர், "அம்மாடி!" என்று பின்னால் துள்ளினார்.

"என்னாச்சு?"

"சுருக்குன்னு அடிச்சதுங்க! கரண்ட்டு!"

"உயிரோடதானே இருக்கே?"

"இப்போதைக்கு."

'காலை 8.40: பணியாளர் புத்துணர்ச்சி பெற்றார்' என்று சார் எழுதினார். மெயின் சுவிட்சை அணைக்கலாமே என்று வீட்டம்மா கேட்டதற்கு, அணைத்தால் விசிறி ஓடாது, மேற்பார்வைக்கு வியர்க்கும் என்று காரணத்தோடு பதில் சொன்னார்.

ஒன்பதரைக்குத் தரை ஓரளவு தெரிந்தது. இருந்தாலும் நாற்றம் தெரியாத இடமே இல்லை. இந்த இடத்தில்தான் சாரின் முப்பத்தோரு வருட அனுபவம் தன் முழு உயரத்துக்கு எழுந்து நின்றது.

"ப்ளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும். டாய்லெட் ஆசிட் கறையைக் கொல்லும். ரெண்டையும் தனித்தனியா எதுக்குப் போடணும்? ஒரே வாளியில ஊத்து. ஒரே வேலையா முடிஞ்சுடும்."

வீட்டம்மா ஆசிட் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். "இதுல வேற எதோடயும் சேர்க்காதீங்கன்னு சிவப்புல எழுதியிருக்குங்க."

"அதெல்லாம் பொதுமக்களுக்கு."

வீட்டம்மா ஊற்றினார். வாளி சீறியது. இளம்பச்சையா மஞ்சளா என்று சொல்ல முடியாத ஒரு புகை எழுந்து, போக வழியில்லாமல் கூடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. வீட்டம்மா குனிந்து துடைத்தார். இருமினார். துடைத்தார். இருமினார். சார் சோபாவின் மேல் நின்றபடியே கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, பிறகு பால்கனிக்குப் போய் அங்கிருந்து கண்ணாடிக் கதவு வழியாக மேற்பார்வையைத் தொடர்ந்தார். கதவைச் சாத்திக்கொள்ளவும் மறக்கவில்லை. பாதுகாப்பு என்றால் பாதுகாப்பு.

"நெஞ்சு எரியுதுங்க…" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். மூலையை விட்டுட்டே பாரு, அங்க!"

இன்னும் கொஞ்ச நேரம் இருமல் கேட்டது. பிறகு விசில் சத்தம் கேட்டது. அது சாரின் கழுத்தில் இருந்த விசில் இல்லை. பிறகு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

இரவுப் பணி முடிந்து வந்து படுத்திருந்த மாடி நர்ஸ், கண் எரிச்சல் தாங்காமல் எழுந்து, மூக்கு காட்டிய வழியே இறங்கி வந்தார். வாசல் கதவைத் தட்டவில்லை, தோளால் இடித்தார். துப்பட்டாவை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போய், குளியலறை வாசலில் சுருண்டு கிடந்த வீட்டம்மாவின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தரதரவென்று தெருவுக்கு இழுத்து வந்தார். அப்போதுதான் சார் பால்கனிச் சுவரைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தார்.

"எதை எதைக் கலந்தீங்க சார்?"

"கலக்கலைம்மா. ஒருங்கிணைச்சோம்."

"சார்! அக்கா உதடு நீலமாகுது!"

"லேசான அசௌகரியம்தான். தண்ணி குடிச்சா சரியாயிடும்."

நர்ஸ் அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே எழுத முடியாது, அச்சில் வராது.

மருத்துவமனையில் டாக்டர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"என்ன சுவாசிச்சாங்க?"

"காத்து" என்றார் சார்.

"எந்தக் காத்து?"

"வீட்டுக் காத்துதான் டாக்டர். கொஞ்சம் அடர்த்தியா இருந்தது."

"ப்ளீச் வாசனை வந்தது டாக்டர்" என்றார் நர்ஸ். "அதோட எதைச் சேர்த்தாங்க, எவ்வளவு நேரம் உள்ள இருந்தாங்கன்னு இவர்தான் சொல்லணும்."

டாக்டரின் கையில் இருந்த தாளின் தலைப்பைச் சார் பார்த்தார். கொட்டை எழுத்தில் 'விபத்துப் பிரிவு' என்று போட்டிருந்தது. இன்னும் இரண்டே நாள். இரண்டு நாளுக்கு அந்தச் சொல் தன் பெயருக்குப் பக்கத்தில் வராமல் இருந்தால் போதும்.

"சார், சீக்கிரம் சொல்லுங்க. தெரிஞ்சாத்தான் சரியான வைத்தியம் பாக்க முடியும். சாதாரண இழுப்பா இது?"

"பாருங்க டாக்டர், 'இழுப்பு'ங்கறது நல்ல வார்த்தையா இருக்கு…"

ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளே மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்த வீட்டம்மா, அப்போது கையை நீட்டினார். கணவரின் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் பிடித்தது சட்டைப்பையில் இருந்த பேனாவை. காகிதம் எட்டவில்லை. எட்டியது சாரின் வெள்ளை முழுக்கைச் சட்டைதான். அதில் மணிக்கட்டு தொடங்கி முழங்கை வரை எழுதினார்: 'ப்ளீச்சிங் பவுடர். ஆசிட். ஜன்னல் மூடி. அரை மணி.'

டாக்டர் சாரின் கையைத் தூக்கிப் படித்தார். உடனே நாலு பேர் நாலு பக்கம் ஓடினார்கள். வீட்டம்மா பிழைத்தார்.

புதன்கிழமை காலை, நர்ஸ் போன் செய்ததன் பேரில், கழிவுநீர் கம்பெனியின் வண்டி வந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. நாங்கள் எல்லோரும் படித்தோம். தலை முதல் கால் வரை உடுப்பும் முகமூடியும் போட்ட மூன்று பேர் இறங்கினார்கள். முதல் வேலையாக மெயினை அணைத்தார்கள். இரண்டாவது வேலையாக எல்லா ஜன்னல்களையும் திறந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரியான அம்மாள் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, போட்டோவை உற்றுப் பார்த்தார்.

"இங்க யார் முதல்ல கிளீன் பண்ணது?"

"நாங்களேதான்" என்றார் சார், சற்றே நெஞ்சை நிமிர்த்தி.

"அப்படியா. எனக்கு இதுல பதினெட்டு வருஷ சர்வீஸ் சார். தரையில வந்ததைக் கல்யாண மாப்பிள்ளை மூக்கு வரைக்கும் ஏத்தின ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

கம்பளம், திரைச்சீலை, வேக்குவம் கிளீனர் எல்லாம் பைகளில் கட்டப்பட்டு வெளியேறின. சோபா மட்டும் தப்பித்தது. அதில் சாரின் கால்தடத்தைத் தவிர ஒரு கறையும் இல்லை.

வியாழக்கிழமை மதியம் வீட்டம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். சார் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார், அப்படியே பட்டமளிப்புக்குப் போய்விடலாம் என்று. புறப்படும் முன் மருத்துவமனைக்காரர்கள் ஒரு படிவத்தைக் கொடுத்து, உடன் வந்தவர் நிரப்ப வேண்டும் என்றார்கள். வெற்றுப் படிவத்தைப் பார்த்ததும் சாருக்கு மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த தெம்பு திரும்பி வந்தது. பேனாவை உதறினார். பெயர், வயது, முகவரி எல்லாம் மளமளவென்று இறங்கின. 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே அவர் நிற்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. மூச்சு விடுவதுபோல எழுதினார்: 'பணியாளரின் கவனக்குறைவு. உரிய அறிவுரை வழங்கியும் பின்பற்றவில்லை.'

வீட்டம்மா அவருடைய தோளுக்கு மேலாக அதைப் படித்தார். குரல் இன்னும் உப்புத்தாள் மாதிரிதான் இருந்தது.

"யோசிக்காமலே எழுதிட்டீங்களே."

"பழக்கம்மா. கை தானா போகுது."

"ஏணியிலருந்து விழுந்தவங்களுக்கு, விரல் போனவங்களுக்கு, எல்லாருக்கும் இந்த ரெண்டு வரிதானா?"

சார் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடியும் மூடினார்.

"எத்தனை பேருக்குங்க எழுதினீங்க?"

ஏதாவது ஒரு நல்ல வார்த்தை கிடைக்குமா என்று அவர் மனசுக்குள் துழாவுவது முகத்தில் தெரிந்தது. கிடைக்கவில்லை. அந்த மாபெரும் பாதுகாப்பு அதிகாரி, தன் பூஜ்யத்துக்கு இருந்த ஒரே ஆதாரத்தை வாழ்க்கையில் முதல்முறையாக வெளியிட்டார்.

"எண்ணினதே இல்லம்மா."